மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றிய விசில் டீச்சர்

விசில் டீச்சருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நீளமான பெயர் ஒன்று இருந்ததாம். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தார். கறுப்புக் கயிற்றில் கோத்த விசில் எந்நேரமும் கழுத்தில் தொங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து மீன் கழுவும்போதும் தொங்கும். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். சந்தின் கீழ்முனையில் நின்று அவர் யாரையாவது நலம் விசாரித்தால், மேல்முனையில் இருக்கிற நான் நல்லா இருக்கேனுங்க என்று பதில் சொல்லிவிடுவேன். கதவைத் திறந்தால் அது போய்ச் சுவரில் இடிக்கும். இப்படி எதையும் முழு வேகத்தில் செய்கிற மனுஷி, தண்ணீர்க் குழாயை மட்டும் தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோலத் தொடுவார். இரண்டு விரலால் பிடித்து, மெல்லத் திருகி, காது கொடுத்துக் கேட்டு, பிறகு இன்னும் கொஞ்சம் திருகுவார். “கால் திருகு போதும்” என்பது அவர் வாயில் ஓயாமல் வரும் பேச்சு.

ஐம்பதுகளின் கடைசி அது. எங்கள் சந்து சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம், நல்ல சரிவான இடத்தில் இருந்தது. மேலே பெரிய தெருவில் பெரிய குழாய். அதிலிருந்து பிரிந்த சின்னக் குழாய் ஒன்று சந்துக்கு அடியில் இறங்கிப் போய் டீச்சர் வீட்டோடு முடியும். மேட்டில் முதல் வீடு எங்களுடையது, பள்ளத்தில் கடைசி வீடு டீச்சருடையது, நடுவில் நாலைந்து வீடுகள். விடிந்ததிலிருந்து பள்ளிக்கூட நேரம் வரைக்கும் தண்ணீர் விடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வருகிறது என்பது அப்போது பெரிய விஷயம். ஊரிலிருந்து வருகிறவர்கள் குழாயைத்தான் முதலில் பார்ப்பார்கள், பிறகுதான் எங்கள் முகத்தை.

அந்த மேட்டு வீட்டைத் தேர்ந்தெடுத்தது என் மாமனார். எருமப்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் தலை நரைத்த மனிதர். எங்களைக் குடிவைக்க வந்தவர், காலியாக இருந்த இரண்டு வீடுகளையும் உள்ளே போய்க்கூடப் பார்க்கவில்லை. சந்தின் தலைப்பில் இடுப்பில் கை வைத்து நின்று, வயலைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். குழாய் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டார். மேலிருந்து என்றதும் முடிவாகிவிட்டது. வாய்க்காலில் தலைமடைக்காரன் பாய்ச்சிக்கொண்டு விட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும், ஆகவே மேட்டு வீடுதான் ராஜா வீடு என்றார். நாங்களும் தலையாட்டினோம். நாலு தலைமுறையாக மண்வெட்டி பிடித்த குடும்பத்தில் இதில் சந்தேகம் யாருக்கு வரும்?

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். வீட்டில் தண்ணீர் இருந்தால் நான் இங்கே இருக்கலாம். மருமகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைவது தெரிந்தால், சாமான்களை ஏற்றி என்னை ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார். ஊரில் சொந்தக் கிணறு இருக்கிறது. இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் வேலை. பட்டறைக்கு அமாவாசைக்குத்தான் லீவு. கல்யாணமான புதிதில் நான் ஊரில் இருந்தபோது, அவர் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததே அமாவாசைகளில்தான். சேலத்தில் தினமும் சாயந்திரம் கிரீஸ் வாசனையோடு வந்து வாசலில் நிற்பார். அந்தச் சாயந்திரத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

குடிவந்த மறுநாள் குழாயைத் திறந்தோம். விடியும்போது கொஞ்சம் சொட்டியது, அப்புறம் நின்றது, அப்புறம் உஸ்ஸென்றது. குழாயின் வாயில் கை வைத்தால் உள்ளங்கையை இழுத்துப் பிடித்தது. என் வீட்டுக்காரர் பட்டறை மூளையைச் செலவழித்து ஒரு முடிவுக்கு வந்தார். குழாய் உயரத்தில் இருப்பதால்தான் தண்ணீர் தயங்குகிறதாம். பட்டறையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கொண்டுவந்து மாட்டி, முனையைக் கீழே இருந்த வாளிக்குள் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்த வாளியில் நான் பக்கத்து வீட்டு மாட்டுக்காக அரிசி கழுவிய கழுநீரை ஊற்றி வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் வாளியில் பாதிதான் இருக்கிறது. மாடு உள்ளே வந்து குடித்துவிட்டதோ என்று வாசலை எட்டிப் பார்த்தேன். மாடு வரவில்லை, டீச்சர் வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு கண்ணாடித் தம்ளர், அதில் வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர்.

“இது யார் வீட்டு அரிசி?” என்றார்.

எங்கூட்டு அரிசிங்க என்று ஒப்புக்கொண்டேன். பயத்தில் எந்த ஊர் அரிசி என்பதைக்கூடச் சொன்னேன். அவர் நேரே உள்ளே வந்து ரப்பர் குழாயைப் பிடுங்கி எறிந்தார். பள்ளத்தில் இருக்கிற நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால், கீழே ஓடுகிற தண்ணீர் மேட்டிலிருக்கிற உன் குழாய் வழியாக உறிஞ்சும் என்று விளக்கினார். இன்றைக்குக் கழுநீரோடு போயிற்று, நாளைக்கு அந்த முனை சாக்கடையில் கிடந்திருந்தால் சந்து முழுக்க வாந்திபேதி என்றார். குழாயின் வாய்க்கும் வாளிக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஜாண் இடைவெளி இருக்க வேண்டும் என்று கையை விரித்து அளந்து காட்டினார். சத்தம் போட்டு முடித்த பிறகுதான் என் அடுக்களையைப் பார்த்தார். குடங்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. இங்கே தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார். வரவே வராதுங்க என்றேன்.

டீச்சர் என் குடங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. அவர் வீட்டுக் கஷ்டம் நேர் எதிர். பள்ளத்துக் கடைசியில் தண்ணீரின் அழுத்தம் அத்தனையும் அவர் வீட்டுக் குழாயில்தான் இறங்கும். ஒருமுறை குழாயின் திருகுத்தலை கழன்று பறந்து உப்புச் சாடியை உடைத்திருக்கிறது. குழாய்க்குள் இருக்கிற தோல் வாசர் மாதத்துக்கு ஒன்று கிழியும். அதனால்தான் கால் திருகுக்கு மேல் அவர் திறப்பதே இல்லை. தண்ணீர் தன்னை அடிக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாராம், அது இன்னொருத்தருக்குப் போகாமல் வந்து அடிக்கிறது என்று நினைக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது குரல் பாதியாக இறங்கிவிட்டது. எனக்கு அவர்மேல் அந்த நிமிஷத்திலேயே பிரியம் வந்துவிட்டது.

போகும் முன் ஒரு காரியம் செய்தார். பட்டம் ஒட்டுகிற மெல்லிய காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, நூலால் என் குழாயின் வாயில் கட்டித் தொங்கவிட்டார். காகிதம் வெளியே பறந்தால் உள்ளே இருக்கிற காற்று போகிறது, பின்னால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து காற்றைப் போகவிட வேண்டும். காகிதம் வாயோடு ஒட்டிக்கொண்டால் குழாய் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். உடனே மூட வேண்டும். சந்தில் எல்லா வீட்டுக் குழாய்க்கும் அந்த வாரமே காகித வால் முளைத்தது. பார்க்கிறவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தார்கள்.

டீச்சரின் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டு. வேலையில் கொடியும் விசிலும் வைத்திருக்கிற மனிதர், வீட்டில் இரண்டும் டீச்சர் கையில். மனிதர் வாய் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று சந்தில் கேலி பேசுவார்கள். டீச்சர் அவருக்கும் ‘கால் திருகு’ போடுவார். வானொலிப் பெட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் கால் திருகு. காபியில் சர்க்கரை கேட்டால் கால் திருகு. மாதா கோவில் பாட்டுக் கூட்டத்தில் யாராவது தொண்டை கிழியப் பாடினாலும் பின்னாலிருந்து கையால் திருகிக் காட்டுவாராம். அவருடைய தொண்டைக்கு மட்டும் அந்தத் திருகு இல்லை. அதை அவரிடம் எடுத்துச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

முறை வைப்பது என்று டீச்சர் முடிவு செய்தார். தண்ணீர் வந்ததும் முதலில் மேட்டு வீடு பிடிக்கும். அதுவரை மற்ற வீடுகள் குழாயை மூடி வைக்க வேண்டும். மூடினால் தண்ணீர் இறங்கி ஓட வழியில்லாமல் மேட்டுக்கு ஏறும். பிறகு ஒவ்வொரு வீடாக இறங்கி, கடைசியில் அவர் வீடு. அவர் விசில் ஊதுவதுதான் அடையாளம். சந்தே பள்ளிக்கூட மைதானம் மாதிரி ஆகப்போகிறது என்று ஆளாளுக்குச் சிரித்தாலும் யாரும் மறுக்கவில்லை. நடு வீட்டு மஞ்சள் மண்டிக்காரர் மட்டும், நாமகிரிப்பேட்டை மஞ்சள் சந்தையில் தம் பேச்சுக்கு இருக்கிற மதிப்பைப் பற்றி ஏதோ முனகினார்.

முதல் நாள் பழைய பழக்கத்தில் எல்லாரும் குழாயைத் திறந்து நிறைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சந்தின் நடுவில் கால்களை அகட்டி நின்று ஒரே ஊது ஊதினார். டிரில் பெண்பிள்ளைகள் காலை மாற்றுகிற மாதிரி, எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் குழாயைச் சட்டென்று மூடினார்கள். அடுத்து மண்ணுக்கு அடியில் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ பூமிக்குள் இருந்து சம்மட்டியால் அடித்ததுபோல இருந்தது. டீச்சர் வீட்டு அடுக்களையில் குழாயின் வளைவு பிளந்து, கிறிஸ்துமஸ் பலகாரத்துக்காக இடித்துக் காயவைத்திருந்த அரிசி மாவு அத்தனையும் கூழாகிவிட்டது. நாங்கள் எல்லாரும் ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஓடிய டீச்சர் தலை முதல் கால் வரை நனைந்து, கையில் விசிலோடு நின்றார். பிழை தன்னுடையதுதான், ஆனால் என்ன பிழை என்றுதான் தெரியவில்லை என்று சொன்னார்.

அன்றைக்குத்தான் கார்டு ஐயா பேசினார். “ஓடுற வண்டிய ஒரேயடியா நிறுத்தினா பெட்டிங்க ஒண்ணோட ஒண்ணு மோதும். கடைசிப் பெட்டிதான் அடி வாங்கும். நம்ம வீடு கடைசிப் பெட்டி.”

அவ்வளவுதான் சொன்னார். டீச்சருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஓடுகிற தண்ணீரும் கனமான வண்டிதான், சட்டென்று நிறுத்தினால் எங்காவது முட்டிக்கொள்ளத்தான் செய்யும். மறுநாள் சந்து முழுக்க வீடு வீடாகப் போய்ப் புது முறை சொன்னார். விசில் கேட்டதும் மூட வேண்டியதில்லை, மூட ஆரம்பித்தால் போதும். அவர்கள் மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரத்தை ஒருமுறை சொல்லி முடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். மந்திரம் தெரியாதவர்கள் தங்கள் சாமியை அதே நேரத்துக்குக் கும்பிட்டுக்கொள்ளலாம். மஞ்சள் மண்டிக்காரர் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே திருகுவது சுவர் தாண்டிக் கேட்கும். நானும் எங்கள் அண்ணமார் சாமியை வேண்டிக்கொண்டு திருகினேன். சாமிகளுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை, மண்ணுக்கு அடியில் சத்தமும் கேட்கவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குச் சந்தே சேர்ந்து மாவு இடித்துக் கொடுத்தது.

இந்த ‘சட்டென்று மூடாதே’ என்பதை டீச்சர் குழாயோடு நிறுத்தவில்லை. ஒரு சமயம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை. எதற்கு என்று மறந்துவிட்டது, குழம்பில் உப்பாக இருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டேன். பேசுவதில்லை என்று வைத்துவிட்டேன். டீச்சர் அன்று சாயந்திரம் வந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திட்ட வேண்டியதைத் திட்டி முடி, அப்புறம் குரலைக் குறை, அப்புறம் நிறுத்து, இப்படி ஒரேயடியாக அடைத்தால் எங்கே பிளக்கும் என்று யாருக்கும் தெரியாது என்றார். இதை அவர் ரகசியமாகத்தான் சொன்னார். அவருடைய ரகசியம் மஞ்சள் மண்டி வரைக்கும் கேட்டது. உள்ளே என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்து, சண்டை அங்கேயே தீர்ந்தது.

தை, மாசி வரைக்கும் முறை நன்றாக நடந்தது. என் வீட்டுக்கும் நாளுக்கு இரண்டு குடம், மூன்று குடம் கிடைத்தது. வெயில் ஏற ஏறப் பெரிய குழாயிலேயே வேகம் செத்துப்போனது. கீழ் வீடுகள் மூடியிருந்தாலும் தண்ணீர் மேடேறி வேகம் பிடிக்க வெகுநேரம் ஆகும், அதுவரை எங்கள் குழாயில் நூல் மாதிரிதான் வரும். அது ஒரு குடத்தை நிரப்புவதற்குள் அடுத்த வீட்டு முறை வந்துவிடும். மிச்சத்துக்கு நான் தெரு மூலையில் இருந்த பொதுக் கிணற்றுக்குப் போக ஆரம்பித்தேன். யாரோ அதைப் பார்த்து எருமப்பட்டியில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மாமனாரிடமிருந்து ஆள் மூலம் தகவல் வந்தது. சித்திரையில் இன்ன ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களோடு விருந்துக்கு வருகிறேன். வீட்டுக் குழாயில் குளித்துவிட்டுத்தான் இலையில் உட்காருவேன். குளிக்கத் தண்ணீர் இல்லையென்றால் சாமான்களோடு மருமகளையும் ஏற்றிக்கொண்டு போவேன்.

நான் டீச்சர் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தேதியைச் சொன்னதும் கார்டு ஐயா நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்த்து உள்ளங்கையை மெல்லத் திருகினார், அவர் பேசாமல் இருந்துவிட்டார். டீச்சர் என்னிடம், அந்த ஞாயிறு காலை முழுக்க மேட்டு வீட்டு முறை, வேறு எந்த வீடும் திறக்காது, நீ போய்ச் சமையலுக்கு வேண்டியதைப் பார் என்றார். மஞ்சள் மண்டிக்காரர், விருந்து அவர்களுக்கு, வறட்சி எனக்கா என்று கேட்டாராம். டீச்சர் அவர் மனைவியிடம் பேசினார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. மாமனார் விடியும்போதே காலி லாரி ஒன்றில் சொந்தக்காரர்களோடு வந்திறங்கினார். காலி லாரியைப் பார்த்ததுமே அது எங்கள் சாமான்களை ஏற்றத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வந்தவர் காபிகூடக் குடிக்கவில்லை. கோவணமும் துண்டுமாகக் குழாயடியில் உட்கார்ந்து, சொம்பைக் கல்லின்மேல் வைத்தார். காகித வால் அசையாமல் தொங்கியது. கீழே நீளமாக ஒரு விசில் கேட்டது. சந்தில் மறதியாகத் திறந்தவர்களும் மெல்ல மெல்ல மூடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் மனசுக்குள் சாமியை வேண்டிக்கொண்டேன். வேண்டி முடித்த பிறகும் ஒன்றும் வரவில்லை. மாமனார் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, பாவமே என்று பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் காகிதம் நடுங்கியது. பிறகு விறைத்துக்கொண்டு வெளியே பறந்தது. குழாய் சீறியது, துப்பியது, துருவாகக் கொஞ்சம் கக்கியது, அதன் பிறகு தெளிந்த தண்ணீராக இறங்கியது. கால் திருகு போதுமுங்க மாமா என்று நான் சொல்லச் சொல்ல, அவர் மடையைத் திறக்கிற வேகத்தில் முழுக்கத் திறந்தார். தண்ணீர் பாய்ந்து சொம்பைத் தள்ளிக்கொண்டு போனது. வயசான மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அவர் குளித்தார், அவர் தம்பி குளித்தார், சொந்தக்காரர்களின் பிள்ளைகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் குளித்தார்கள். அண்டா, குடம், தவலை, கடைசியில் இட்லிப் பானை உட்பட எல்லாம் நிறைந்தது. நேரமாகித் தண்ணீர் நின்றபோது வீட்டில் நிரப்ப ஏனம் மிச்சமில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே மாமனார், அந்த விசில் என்ன என்று கேட்டார். தலைமடை என்று அவர் சந்தோஷமாக இருக்கும்போது உண்மையைச் சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லிவிட்டேன். குழாயில் மேட்டு வீடுதான் கடைசி என்றும், கீழே இருப்பவர்கள் மூடி வைத்தால்தான் மேலே ஏறும் என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. வேட்டியைக் கட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

டீச்சர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அன்றைக்கு அவர்கள் கோவில் திருவிழா. பெரிய பூசை முடிந்து அவர்கள் சொந்தபந்தமெல்லாம் புதுத் துணியோடு பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் தோரணம் கட்டியதை நான் பார்த்ததுண்டு. ஆனால் இவர் வீட்டில்தான் விருந்து என்று எனக்குத் தெரியாது, அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்டு ஐயா பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூலைக் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொண்டிருந்தார். முந்தின நாள் பிடித்து வைத்தது சமையலுக்கே தீர்ந்திருக்க வேண்டும். சித்திரைக் கிணறு, பாதி வாளி சேறு. வந்தவர்கள் கை கழுவ டீச்சர் தம்ளரில் கால்வாசி ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது.

“ஏனுங் டீச்சரம்மா, உங்கூட்லயும் விருந்துங்களா?” என்றார் மாமனார்.

“திருவிழாங்க. வாங்க, உக்காருங்க.”

“அப்பறம் ஏனுங்க கொழாயத் தொறக்குல?”

“இன்னிக்கு உங்க வீட்டு முறைங்க” என்றார் டீச்சர். மேட்டில் கேட்காத குரலில்தான் சொன்னார்.

மாமனார் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். திரும்பி மேடு ஏறினார். எங்கள் வீட்டில் நிறைந்திருந்த பெரிய பித்தளைக் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தார். ஊரில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் இருந்த இடத்திலிருந்து குரல் கொடுக்கிற மனிதர் அவர். குடத்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்து பார்க்க, நிதானமாகச் சரிவில் இறங்கினார். டீச்சர் வீட்டு அண்டாவில் ஊற்றிவிட்டு மறுபடி ஏறினார். இரண்டாவது நடையில் அவர் தம்பியும் ஒரு தவலையோடு சேர்ந்துகொண்டார். அப்புறம் பட்டறைக்கு லீவு சொல்லியிருந்த என் வீட்டுக்காரர், அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு மஞ்சள் மண்டிக்காரர். டீச்சர் போதுமுங்க, போதுமுங்க என்று சந்தே அதிரச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் எங்கள் வீட்டில் இலை போட்டோம். மாமனாரைக் காணோம். கூப்பிட நான்தான் மறுபடி கீழே போனேன். பந்தலில் கார்டு ஐயாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கார்டு ஐயா அவரிடம் ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். டீச்சர் கையில் கரண்டியோடு பின்னால் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்மூட்டு இலை காத்துக்கிட்டிருக்குதுங்க மாமா என்றேன்.

“அவங்களச் சாப்புடச் சொல்லு அம்மிணி, நான் மெதுவா வாரேன்” என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தார். “எம்பட ஆயுசுல கடைமடைக்காரங்க குடுத்துத் தலைமடை குடிச்சதப் பாத்ததில்ல. லாரிக்காரனுக்கும் ஒரு இலை போட்டு அனுப்பிச்சுடு சாமி. ஏத்தறதுக்குச் சாமான் ஒண்ணும் இல்லீன்னு சொல்லிப்போடு.”

நான் மேடு ஏறி ஓடிவந்து, வந்திருந்த பெரியவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முதல் சோற்றை லாரிக்காரர் இலையில் போட்டேன்.